கபாலம் தொலைந்த ஊர்: மத்தவிலாசத்தைப் பாடவைப்பது பற்றிச் சில குறிப்புகள்

ஒரு கேலி நாடகத்தைப் பாட்டாக மாற்றும்போது முதலில் செத்துப்போவது கேலிதான் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. கேலி வேகத்தில் பிழைக்கிறது. ஒருவன் சொல்லி முடிக்கும் முன் இன்னொருவன் வெட்ட வேண்டும். வெட்டியது உறைக்கும் முன் மூன்றாமவன் உள்ளே வந்துவிட வேண்டும். பாட்டோ நேரத்தை நீட்டுகிறது. பேச்சில் இரண்டு நொடியில் முடிகிற வாக்கியம் பாட்டில் அரை நிமிஷம் நிற்கிறது, திரும்ப வருகிறது, சங்கதி போடுகிறது. அந்த அரை நிமிஷமும் பாடுகிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோவாக ஆகிவிடுகிறது. இந்த 'வேறு ஏதோ' என்ன என்பதுதான் என் கேள்வி.

கேள்வி வெறும் கோட்பாட்டுக் கேள்வியாக எனக்கு வரவில்லை. ஏனாத்தூரில் நாங்கள் ஐந்து பேர் மகேந்திரவர்மப் பல்லவனின் 'மத்தவிலாசப் பிரகசனத்தை' ஒரு மணி நேரத்திற்குள் அடங்கும் பாட்டு நாடகமாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் கூத்தில் மிருதங்கம் வாசிப்பவர், ஒருவர் முகவீணை, ஒருவர் பட்டுத்தறிக்காரர் (ஆர்மோனியமும் தெரியும்), ஒரு கல்லூரி மாணவி, நான். இதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதிலேயே குழப்பம். 'இசை நாடகம்' என்றால் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு நினைவுக்கு வரும். 'கூத்து' என்றால் விடியவிடிய நடக்க வேண்டும். மேற்கில் இதற்கு சேம்பர் ஆபரா என்று ஒரு வகை இருக்கிறது. பெரிய ஆபராவின் எண்பது வாத்தியம், கோரஸ் கூட்டம், அரண்மனைக் காட்சி எதுவும் இல்லாமல், விரல்விட்டு எண்ணக்கூடிய பாடகர்களும் ஒரு டஜன் வாத்தியக்காரர்களுமாக ஒரு கூடத்திற்குள் நடத்திவிடக்கூடியது. பெஞ்சமின் பிரிட்டன் 1946-47இல் இந்த அளவில் இரண்டு ஆபராக்கள் எழுதினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பெரிய மேடைக்குப் பணமில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். பணமில்லை என்கிற விஷயத்தில் நாங்கள் அவருக்கு அண்ணன்கள்.

நாடகத்தைப் படித்திராதவர்களுக்காகக் கதை. களம் ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சிபுரம். சத்தியசோமன் என்கிற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் குடித்துவிட்டுத் தெருவில் வருகிறார்கள். கள்ளுக்கடை அவனுக்கு யாகசாலையாகத் தெரிகிறது. அங்கே பிச்சையாகக் கிடைக்கும் மதுவை வாங்க ஏனத்தைத் தேடினால் கபாலத்தைக் காணோம். கபாலம் இல்லாவிட்டால் அவன் காபாலிகனே இல்லை. அதில் வறுத்த மாமிசம் இருந்ததால் நாய் தூக்கியிருக்கலாம், இல்லாவிட்டால் ஒரு புத்த பிக்கு. அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்கிற பிக்கு, ஒரு வணிகன் வீட்டில் மீனும் மாமிசமுமாகச் சாப்பிட்டுவிட்டு, பிட்சாபாத்திரத்தைத் துணிக்குள் மறைத்தபடி வருகிறான். சண்டை. தேவசோமை அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கப் போகிறாள், மொட்டைத்தலை, பிடி கிடைக்காமல் விழுகிறாள். பிக்கு இரக்கப்பட்டுக் கைகொடுத்துத் தூக்குகிறான். அய்யோ, என் பெண்டாட்டியின் கையைப் பிடித்துவிட்டான், பாணிக்கிரகணம் ஆகிவிட்டது என்று காபாலிகன் கூப்பாடு போடுகிறான். பப்ருகல்பன் என்கிற பாசுபதன் மத்தியஸ்தத்துக்கு வருகிறான். அவனுக்கும் தேவசோமை மேல் ஒரு கண். நியாயசபைக்குப் போகலாம் என்றால், விகாரைகளின் பணத்தை வைத்துக்கொண்டு பிக்கு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான் என்கிறாள் தேவசோமை. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வருகிறான். ஒரே அங்கம். இருபதுக்குச் சற்று மேற்பட்ட சுலோகங்கள், மற்றதெல்லாம் வசனம்.

இந்தப் பிரதிக்கே ஒரு தொலைந்த கதை உண்டு. 'மத்தவிலாசன்' என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. காஞ்சிக்குத் தெற்கே மாமண்டூர்க் குடைவரையில் சிதைந்த கல்வெட்டொன்று மத்தவிலாசத்தையும் பகவதஜ்ஜுகத்தையும் குறிப்பிடுகிறது. ஆனால் நாடகம் காஞ்சியில் இல்லை. அது கேரளத்து ஏட்டுச்சுவடிகளில் இருந்தது. 1917இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் த. கணபதி சாஸ்திரி பதிப்பித்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பதிப்பிப்பதற்கு முன்பும் பின்பும் சாக்கியார்கள் அதை வடகேரளக் கோயில்கள் சிலவற்றில் நேர்த்திக்கடனாக ஆடிவந்திருக்கிறார்கள். குடிகாரக் காபாலிகன் அங்கே சிவனின் சாயலைப் பெற்றுவிட்டான், கேலி வழிபாடாகிவிட்டது. பிரதியை எழுதியவன் ஓர் அரசன், காப்பாற்றியவர்கள் இன்னொரு நாட்டின் கோயில் நடிகர்கள், கதை நடந்த தெருக்களில் இருக்கிற எங்களுக்கு அது அச்சுப் புத்தகமாகத்தான் வந்து சேர்ந்தது. 'மூலத்துக்கு விசுவாசம்' என்ற பேச்சு வரும்போதெல்லாம் இதை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. எந்த மூலம், யாருடைய மூலம்?

வேடிக்கை என்னவென்றால், நாடகத்திற்கு உள்ளேயே ஒருவன் மூலப் பிரதியைத் தேடிக்கொண்டிருக்கிறான். நாகசேனனின் தனிமொழிதான் அது. நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு, வெற்றிலை, மெல்லிய ஆடை எல்லாவற்றையும் அனுமதித்த புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் எப்படி விட்டிருப்பார்? நிச்சயம் அனுமதித்திருப்பார். இளைஞர்கள் மேல் பொறாமை கொண்ட கிழட்டுத் தேரர்கள் அந்தப் பகுதியைப் பிடகத்திலிருந்து நீக்கியிருப்பார்கள். வெட்டப்படாத முழுப் பிரதி எங்கே கிடைக்கும்? தழுவல் செய்கிற ஒவ்வொருவனும் இந்தப் பிக்குதான் என்று தோன்றுகிறது. நமக்கு வேண்டியது மூலத்தில் இருந்தே தீர வேண்டும் என்பது நம் ஆசை.

ஒரு நகைச்சுவை நாடகம் ஆபராவாகும்போது என்ன நடக்கிறது என்பதற்கு நன்றாகப் பதிவான உதாரணம் 'ஃபிகாரோவின் திருமணம்'. போமார்ஷேயின் நாடகத்தை வியன்னாவில் மேடையேற்ற அரசர் அனுமதிக்கவில்லை. லொரென்சோ தா போந்தே அதை இத்தாலிய ஆபராப் பிரதியாக்கினார், மொஸார்ட் இசையமைத்தார், 1786 மே 1 அன்று அதே வியன்னாவில் அரங்கேறியது. பதினாறு பாத்திரங்களைப் பதினொன்றாகக் குறைத்ததாகத் தா போந்தேயே முன்னுரையில் சொல்கிறார். ஐந்தாம் அங்கத்தில் வேலைக்காரன் ஃபிகாரோ பிரபுக்களை நோக்கிப் பேசும் நீண்ட கண்டனத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெண்களைத் திட்டும் ஒரு பாட்டை வைத்தார். அரசியல் போயிற்று என்று நாம் சொல்லலாம். போனது வேறு வழியாகத் திரும்பி வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். நாடகத்தில் முதல் அங்கத்திலேயே வந்துவிடும் கோமகள், ஆபராவில் இரண்டாம் அங்கத் தொடக்கத்தில்தான் தனியாக, முதல்முறையாக, பாடிக்கொண்டு வருகிறாள். புருஷனின் அன்பு போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். நான்கு நிமிஷம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கு நின்றுவிடுகிறது. பிறகு திரும்பச் சிரிக்கும்போது அந்தச் சிரிப்புக்குள் அவள் இருக்கிறாள்.

அந்த அங்கத்தின் முடிவு இன்னொரு பாடம். இருவர் சண்டையில் தொடங்கி, மூன்றாமவர், நான்காமவர் என்று உள்ளே வந்து, ஏழு பேர் ஒரே நேரத்தில் வேறுவேறு சொற்களைப் பாடுவதாகச் சுமார் இருபது நிமிஷம் போகிறது. பேச்சு நாடகத்தில் ஏழு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது இரைச்சல். பாட்டில் அது சாத்தியம். எண்பதுகளின் கடைசியிலிருந்து நம் சிறுபத்திரிகைகளில் 'பன்மைக்குரல்' என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டோம். பக்தின் அதை தஸ்தயேவ்ஸ்கி பற்றிய நூலில் (1929, திருத்தி எழுதியது 1963) இசையிலிருந்துதான் கடன் வாங்கினார். நாவலுக்கு அது உவமை மட்டுமே என்று அவரே சொல்கிறார். ஏழு பேர் பாடும் இடத்தில் அது உவமை இல்லை.

இங்கேதான் எங்களுக்கு முட்டுச்சந்து வந்தது. நம் இசையில் இந்த 'ஒரே நேரம்' கிடையாது. ஒரு குரல் பாடும், மற்றது தொடரும். குறவஞ்சி, பள்ளு, கீர்த்தனை நாடகம், கட்டைக்கூத்து எதை எடுத்தாலும் தர்க்கம் என்பது முறைவைத்துப் பாடுவது. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் போடும் சண்டை உலகத்தரமான நகைச்சுவைதான். ஆனால் ஒருத்தி முடித்த பிறகுதான் இன்னொருத்தி. மேற்கத்திய ஒத்திசையை அப்படியே கொண்டுவந்து ஒட்டலாம் என்று மாணவி சொன்னாள். ஒட்டினால் சினிமாப் பின்னணி மாதிரி ஆகும் என்றார் முகவீணைக்காரர். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

வழி சொன்னவர் தறிக்காரர். காஞ்சிப் பட்டில் 'கோர்வை' என்பது உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் இருக்க, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. மூன்று நாடா. ஒரு பக்கக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, மறுபக்கக் கரைக்கு ஒன்று. நெய்பவர் ஒருவர், நாடா எடுத்துத்தர உதவியாள் ஒருவர். "மூணு நாடாவும் ஒரே நேரத்துல ஓடாது சார். ஒண்ணு நின்னாத்தான் ஒண்ணு. ஆனா பொடவை ஒண்ணுதானே?" என்றார். மிருதங்கக்காரர் சிரித்துவிட்டார். அவருடைய தொழிலிலும் கோர்வை உண்டு. முத்தாய்ப்பாக மூன்று முறை வந்து சமத்தில் விழுவது. ஒரே சொல், இரண்டு தொழில். இருவரும் ஒரே தெருவில் இருந்தும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லையாம்.

அதன்படி சண்டைக் காட்சியை இப்படிக் கட்டினோம். காபாலிகனுக்கு ஐந்து மாத்திரைச் சுழற்சி, கண்ட சாபு. குடிகாரன் நடை தானாக அதில் வந்துவிடுகிறது. பிக்குவுக்கு எட்டு, ஆதி தாளம், நிதானமாக, பாடம் ஒப்பிப்பவன் மாதிரி. தேவசோமைக்கு மூன்று. ஒருவர் பாடும்போது மற்ற இருவரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், ஆனால் தங்கள் தாளத்தைக் கையாலோ காலாலோ நிறுத்துவதில்லை. ஐந்தும் எட்டும் 40 மாத்திரைக்கு ஒருமுறை சந்திக்கும். மூன்றும் ஐந்தும் எட்டும் சேர்ந்து ஒரே புள்ளியில் விழ 120 மாத்திரை ஆகும். அந்த 120ஆவது மாத்திரை முடிகிற இடத்தில்தான் தேவசோமை மொட்டைத்தலையைப் பிடிக்கப் போய் விழுகிறாள். அதற்கு முன் 40இலும் 80இலும் காபாலிகனும் பிக்குவும் தற்செயலாக ஒன்றுபட்டுவிடுகிறார்கள். சண்டை போடுகிற இருவரும் ஒரு கணம் ஒரே அடியில் நிற்கிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள், பிரிகிறார்கள். எழுதப்பட்ட பகடி எதுவும் இல்லாமலேயே ஒத்திகையில் அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. "எண்ணிக்கிட்டு வாசிச்சா ஆவாது சார், அந்தம்மா காலைப் பாத்துத்தான் வாசிக்கணும்" என்றார் மிருதங்கம். அவர் சொன்னபடியே விட்டுவிட்டோம்.

கூத்தில் இதற்கு ஒரு விதை ஏற்கெனவே இருக்கிறது. கூத்தாடி ஓர் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதைத் திரும்பப் பாடுவார்கள். நல்ல பின்பாட்டில் அவர்கள் முடிக்கும் முன்பே கூத்தாடி அடுத்த அடியின் முதல் சொல்லை வீசிவிடுவார். அந்தக் கால்வாசி நொடி நெருக்கடியை இழுத்து விரித்தால் பல குரல் கிடைக்கும். காஞ்சி வட்டாரத்தில் இதற்குப் பயிற்சி பெற்ற குரல்கள் உண்டு. பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் முன்னின்ற கட்டைக்கூத்துச் சங்கம் இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கும், கூத்தைக் கற்றுத்தந்ததன் பலன் அது. 2017இல் டி.எம். கிருஷ்ணாவின் கச்சேரி இசையும் அவர்களின் கூத்தும் ஒரே மேடையில் சேர்ந்தபோது எது எதற்குள் அடங்கியது என்று பெரிய விவாதம் நடத்தலாம். நான் இங்கே அதில் இறங்கவில்லை.

மொழி விஷயம் இன்னும் சிக்கல். மூலத்தில் காபாலிகனும் பாசுபதனும் சமஸ்கிருதம் பேசுகிறார்கள். தேவசோமை, பிக்கு, பைத்தியக்காரன் மூவருக்கும் பிராகிருதங்கள். அதாவது யாருக்கு எந்த மொழி என்பதிலேயே படிநிலை. தமிழில் எல்லோரையும் ஒரே தமிழ் பேசவைத்தால் ஜனநாயகம் போலத் தெரியும், ஆனால் நாடகத்தின் முதுகெலும்பு உருவப்பட்டுவிடும். காபாலிகனுக்கு மணிப்பிரவாளம் கொடுத்தோம். பாசுபதனுக்குப் பழைய மேடைத்தமிழ், வாயைத் திறந்தால் 'ஆகவே'. தேவசோமைக்கு எங்கள் ஊர்ப் பேச்சு. பைத்தியக்காரனுக்கு எதைக் கொடுப்பது? மூலத்தில் மொழியால் கடைசிப்படியில் நிற்பவன் அவன். கபாலம் இருப்பதும் அவன் கையில்தான். அவனுக்கு விருத்தம் கொடுத்தோம். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. மூன்று, ஐந்து, எட்டு என்று மற்றவர்கள் கணக்குப் போட்டு அடித்துக்கொண்டிருக்க, இவன் கணக்குக்கு வெளியே நின்று ராகத்தை இழுக்கிறான். அவன் பாடத் தொடங்கியதும் தட்டுகிற கைகள் ஒவ்வொன்றாக நிற்க வேண்டும். கூத்தில் விருத்தம் ராஜாக்களின் உரிமை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவன் பேச்சில் அந்த நாய் ஒரு சண்டாளன் வீட்டு நாய் என்று வருகிறது. மகேந்திரனின் சபை இதற்குச் சிரித்திருக்கும். புனிதக் கபாலம், அதைக் கவ்விய நாய், நாயின் எஜமானன் என்று கீழிறங்கும் படிக்கட்டு அது. இதை வெட்டிவிடலாமா என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். வெட்டினால் நாம் நல்லவர்களாகிவிடுவோம், பல்லவ அரசனும் நல்லவனாகிவிடுவான். மிருதங்கக்காரர்தான் சொன்னார்: "இருக்கட்டும் சார். ஆனா அதுக்கு நான் வாசிக்க மாட்டேன்." அப்படியே வைத்திருக்கிறோம். நாடகத்தில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் சுருதியும் இல்லாமல் வெறும் பேச்சாக வருகிறது. எல்லாம் பாட்டாக இருக்கும் இடத்தில் பேச்சு எவ்வளவு அம்மணமாகக் கேட்கிறது என்பதை ஒத்திகையில்தான் தெரிந்துகொண்டேன்.

இனி நாகசேனன். நாடகத்தைக் 'கார்னிவல்' என்று வாசிக்கலாம், வாசித்துமிருக்கிறார்கள்: குடி, தெரு, தலைகீழாகும் புனிதங்கள், எல்லா மதமும் சரிசமமாக உதைபடுவது. எனக்கு அதில் ஒரு சங்கடம். இது தெருவிலிருந்து அரண்மனையைப் பார்த்து எழுந்த சிரிப்பு அல்ல, அரண்மனையிலிருந்து தெருவைப் பார்த்துச் சிரித்தது. லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கிண்டல் செய்யத் துணிந்த அரசன் என்று மகேந்திரனைப் பாராட்டலாம், நியாயம்தான். ஆனால் கொடுப்பவனாகச் சந்தேகிக்கப்படுவது விகாரைதானே? காபாலிகன் கடைசியில் கபாலத்தைப் பெறுகிறான், பாசுபதன் மானத்தோடு போகிறான். பிக்குவுக்குக் கிடைப்பது திருடன் இல்லை என்ற விடுதலை மட்டும்.

நாடகம் எழுதப்பட்டபோது இது சமமான சண்டையாக இருந்திருக்கும். 640 வாக்கில் வந்த யுவான் சுவாங் காஞ்சி நாட்டில் நூற்றுச் சொச்சம் சங்காராமங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். திருப்பிச் சிரிக்க ஆள் இருந்தது. இப்போது? 1915இல் து.அ. கோபிநாதராவ் காஞ்சியில் பௌத்தத் தடயங்களைத் தேடி எழுதியபோது கிடைத்தவை கோயில்களிலும் தோட்டத்திலும் கிடந்த சில புத்தர் சிலைகள். பதில் சொல்ல ஒரு பிக்குவும் இல்லாத ஊரில், 'பிக்கு திருடன்' என்று கூவுவதற்குச் சிரிப்பது எப்படிப்பட்ட சிரிப்பு? பேச்சு நாடகமாகப் போட்டால் இந்தக் கேள்வி எழாமலே போய்விடலாம். வேகம் அதை மூடிவிடும்.

பாட்டில் மூட முடியவில்லை. மூலப் பிரதி எங்கே என்று நாகசேனன் தேடும் பாட்டைக் கேலியாகத்தான் எழுதினேன். மாணவிதான் நாகசேனனைப் பாடுகிறாள் (ஆண்களில் அந்தச் சுருதிக்கு ஆள் இல்லை). ஆதி தாளத்தில், ஆனந்தபைரவியில். முதல் இரண்டு கண்ணியில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது கண்ணியில் 'எங்கே, எங்கே' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தபோது சிரிப்பு நின்றது. தொலைந்த புத்தகத்தைத் தேடும் ஒரு தனி ஆள் மட்டும் அங்கே இருந்தான். தொடக்கத்தில் 'வேறு ஏதோ' என்று சொன்னேனே, அதை நான் பார்த்தது அங்கேதான். இரக்கம் என்று சொன்னால் போதாது. சிரித்தவனுக்குத் தன் சிரிப்பு காதில் விழுகிற நிலை அது. வெர்டி எழுபத்தொன்பது வயதில் கொடுத்த 'ஃபால்ஸ்டாஃப்' (1893) உலகமே வேடிக்கைதான் என்று எல்லோரும் சேர்ந்து பாடுவதோடு முடிகிறது. அவமானப்பட்ட கிழவன்தான் அந்தப் பாட்டை எடுத்துக்கொடுக்கிறான் என்பதால் அந்த முடிவு செல்லுபடியாகிறது.

எங்கள் முடிவு இன்னும் தீரவில்லை. மூலத்தில் சமரசமும், பரதவாக்கியத்தில் சத்ருமல்லன் என்று மகேந்திரனின் பெயரை வைத்து ஒரு வாழ்த்தும் வருகின்றன. கூத்துக்காரர்கள் இருவரும் மங்களம் பாடாமல் முடிக்கக் கூடாது என்கிறார்கள். ராஜாவுக்கு மங்களம் நான் எழுத மாட்டேன் என்றேன். இப்போதைக்கு ஓர் ஏற்பாடு: காபாலிகன் கபாலத்தோடும் தேவசோமையோடும் ஐந்து மாத்திரையில் ஆடிக்கொண்டே போகிறான், பாசுபதன் பின்னாலேயே போகிறான், பைத்தியக்காரன் நாயைத் துரத்திக்கொண்டு போகிறான். நாகசேனன் துணியை விலக்கி, எல்லோரும் சந்தேகப்பட்ட பாத்திரத்தை வெளியே எடுத்து வைக்கிறான். முகவீணை மங்களத்தைத் தொடங்குகிறது. யாருக்கு மங்களம் என்று சொல்லும் அடிக்கு இன்னும் சொல் போடவில்லை. முகவீணைக்காரர் அதுவரை சொல் இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார்.